என்ன முறை

“பொறு... பொறு. இன்னும் ஒரு நூல்.”

ஞானரட்ணம், காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் கரவன் வீட்டின் வாசலில் முழந்தாளிட்டு, உள்ளே தரையில் நீளவாக்கில் வைத்திருந்த மட்டப்பலகையின் குமிழியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே இருந்து பார்த்தால் அவருடைய முதுகும் குதிக்கால்களும் மட்டுமே தெரிந்தன. முன்னால், காரோடு கொளுவும் இடத்தில், ஹல்வோர் முன்சக்கரத்தின் கைபிடியை அரைச்சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தினான்.

“சமன்?” என்று கத்திக் கேட்டான்.

“இல்லையடா. தலைப்பக்கம் பதிவு.”

நாலு நாள் பயணத்தில் அந்த நோர்வேக்காரப் பெடியன் கற்றுக்கொண்ட தமிழ் இவ்வளவுதான்: பொறு, கொஞ்சம், பதிவு, சமன். தலை கொஞ்சம் தாழ்ந்தாலும் ஞானரட்ணத்துக்கு நித்திரை வராது. நேற்று மாலை இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்ததும் ஒரு மணித்தியாலம் மினக்கெட்டுச் சமன் பார்த்துத்தான் படுத்தார்கள். விடியும்போது முன்சக்கரம் மணலுக்குள் இறங்கிவிட்டது.

“அத்திவாரம் போட்டு முடிஞ்சால் தேத்தண்ணிக்கு வாங்கோ,” என்று மனைவி மரியரஞ்சனி உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். “கோயில் கட்டுறவங்களும் இவ்வளவு பாக்கிறேல்லை.”

“நீ குறட்டை விட்டுப் படுத்திட்டாய். எனக்கெல்லோ இரத்தம் முழுக்கத் தலைக்கு வந்தது.”

எம்மா சிரிக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் மாலையிலிருந்து அவள் அப்பாவோடு கதைக்கவில்லை.

அந்தக் கரவன் ஓர் அவசரத்தில் வந்த சாமான். ஒஸ்லோவில் ஞானரட்ணம் வேலை செய்த ஆஸ்பத்திரிச் சமையலறையில், ஓய்வுபெற்றுப் போன ஒருவர் மலிவாகக் கொடுக்கிறார் என்றதும் வாங்கிவிட்டார். வாங்கி, வேறொருவரைக் கொண்டு தாங்கள் குடியிருக்கும் ரொம்சோஸுக்கு இழுத்து வந்து நிறுத்திய பிறகுதான், அந்தப் பாரத்தை இழுக்க வேறு வகுப்பு லைசென்ஸ் வேண்டும் என்பது தெரிந்தது. ஐம்பத்தாறு வயதில் இனிச் சோதனை எடுக்க அவருக்கு மனமில்லை. பதினொரு மாதம் அது மாடிக்கட்டடத்தின் கார்த் தரிப்பிடத்தில் நின்றது. குடியிருப்புச் சங்கத்திலிருந்து மூன்று கடிதம் வந்தது. நாலாவது கடிதம் வந்த அன்று அவர் சாப்பாட்டு மேசையில் யாரையும் பார்க்காமல் கேட்டார்: “அவன்... அந்தப் பெடியனிட்டை உந்த லைசென்ஸ் இருக்கோ?”

ஹல்வோர் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவன். பதினெட்டு வயதிலேயே வைக்கோல் வண்டி இழுக்க அந்த லைசென்ஸை எடுத்திருந்தான். இரண்டு வருடமாக எம்மா அவனோடு ஒரே வீட்டில் வாழ்ந்து வந்தாள். அந்த இரண்டு வருடமும் ரொம்சோஸ் வீட்டு வாசற்படியை அவன் மிதித்ததில்லை. கடைசியில் வாசலால் அல்ல, காரின் ஓட்டுநர் இருக்கையால்தான் இந்தக் குடும்பத்துக்குள் வந்தான்.

வழியெல்லாம் நன்றாகத்தான் போனது. முதல் நாள் ஹல்வோர் அவரை ‘ஞானா’ என்று கூப்பிட்டபோது அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து எம்மா அவனுக்கு ‘அங்கிள்’ சொல்லிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் அப்பா அவனுக்குப் பக்கத்தில் இருந்து வரைபடம் பார்த்தார். அம்மாவிடம் அவனுக்கு ‘அல்வா’ என்று பேர் வைத்துக் கதைத்தார். “அல்வாவுக்குப் பசிக்குமெல்லோ, இன்னும் ரெண்டு றோல்ஸ் குடு.”

மூன்றாம் நாள், ஒரு பெற்றோல் நிலையத்தில், வெஸ்ட்லியில் இருக்கும் செபஸ்ரியன் குடும்பத்தைக் கண்டார்கள். ஒஸ்லோவில் ஒரே பூசைக்கு வருகிறவர்கள். செபஸ்ரியன் ஹல்வோரை மேலும் கீழும் பார்த்து, “ஆர் அண்ணை உவர்?” என்று கேட்டார்.

“ட்ரைவர்,” என்றார் அப்பா.

அதைப் பற்றித்தான் நேற்று மாலை எம்மா கேட்டாள். அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஹல்வோர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான்.

“அவனை ஏனப்பா ட்ரைவர் எண்டனீங்கள்?”

“ஆர் ஓட்டுறது? அவன்தானே.”

“நான் கேக்கிறது அது இல்லை.”

“பின்னை என்னெண்டு சொல்ல? செபஸ்ரியன் ‘ஆர்’ எண்டு கேட்டால், ‘என்ன முறை’ எண்டுதான் கேக்கிறான். என்ன முறை? நீயே சொல்லு.”

“சம்பூவர்,” என்றாள் எம்மா. கலியாணம் எழுதாமல் சேர்ந்து வாழ்கிறவருக்கு நோர்வேயில் சொல்லும் சொல்.

“அது அரசாங்கக் கடுதாசியிலை இருக்கிற முறை. தமிழிலை சொல்லு.”

எம்மாவிடம் தமிழில் ஒன்றும் இருக்கவில்லை.

“கலியாணத்தை எழுதுங்கோ. பிறகு பாப்பம்.”

“செபஸ்ரியன் மாமாவுக்குச் சொல்லுறதுக்காக என்னாலை கலியாணம் கட்ட ஏலாது.”

அதோடு பேச்சு நின்றது. மீனைத் தன் கோப்பையில் போட்டுக்கொண்டு அவள் கடல் ஓரமாகப் போய் இருந்து சாப்பிட்டாள்.

இப்போது, காலை ஒன்பது மணிக்கு, அப்பா ஒரு கையைக் கதவில் ஊன்றி எழும்பினார். “மூச்சு வாங்குது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வாறன்,” என்று தமிழில் சொல்லிவிட்டு, ஹல்வோரிடம் நோர்வேஜிய மொழியில், மட்டப்பலகையைத் தொட வேண்டாம், வந்து தானே பார்ப்பதாகச் சொன்னார். கடலைப் பார்த்து விரித்திருந்த மடக்குக் கதிரையில் போய் இருந்தார். அம்மா தேநீரைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தாள். பிஸ்கட் எடுக்கத் திரும்பி வந்தாள். மறுபடி போனபோது தேநீர் மணலில் ஊறியிருந்தது.

“எம்மா,” என்று கூப்பிட்டாள். பதற்றமே இல்லாத, சமையலறையிலிருந்து உப்புப் போத்தலைக் கேட்பது போன்ற குரல். “அப்பாவை ஒருக்கா வந்து பார்.”

எம்மா முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறவள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் மணலில் கிடத்தி, சட்டையைத் திறந்து, நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். ஹல்வோர் கைத்தொலைபேசி அலை கிடைக்கும் பாறைமேட்டுக்கு ஓடி அவசர இலக்கத்துக்கு அடித்துவிட்டு வந்து, அவள் கை சோர்ந்தபோது மாறிக்கொண்டான். அம்மா பக்கத்தில் நின்று, “மெல்ல, தம்பி, மெல்ல. அவருக்கு நோகும்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் மெல்லச் செய்யவில்லை. நாற்பது நிமிடம் மாறி மாறி அழுத்தினார்கள். பிறகு அம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த இளம் பெண் டொக்டர் மணலில் முழந்தாளிட்டு நேரத்தைப் பார்த்து எழுதினாள்.

இருதயம், என்றாள். முன்பே வருத்தம் இருந்ததா என்று கேட்டாள். குளிசைப் பெட்டியை எம்மா எடுத்துக் காட்டினாள். பொலிசுக்குத் தானே அறிவிப்பதாக டொக்டர் சொன்னாள். அம்புலன்ஸ் இறந்தவர்களை ஏற்றுவதில்லை. சவ அடக்கச் சேவையின் வான் அக்கரையிலிருந்து பிற்பகல் படகில்தான் வர முடியும். அதுவரை அவரைக் கரவனுக்குள் வைத்திருக்கலாம். அம்புலன்ஸ்காரர் இருவரும் ஹல்வோரும் சேர்ந்து அவரைத் தூக்கி, நீளவாக்கில் இருந்த கட்டிலில், அவர் வழமையாகப் படுக்கும் பக்கத்தில் கிடத்திவிட்டுப் போனார்கள்.

அம்மா ஒரே ஒரு தடவை குரல் எடுத்தாள். “என்ரை ராசா, என்னை இஞ்சை கொண்டுவந்து...” என்று தொடங்கிய குரல் கரவனின் மெல்லிய சுவரில் மோதியது. ஊரில் என்றால் அந்த வரியின் நுனியைப் பிடித்து அடுத்தவள் எடுத்திருப்பாள். ரொம்சோஸ் என்றாலும் நாலு பேர் வந்திருப்பார்கள். இங்கே யாரும் எடுக்கவில்லை. இருநூறு மீற்றர் தள்ளி நின்ற இன்னொரு வண்டியின் வாசலில் வயதான நோர்வேஜியத் தம்பதி எழுந்து நின்று பார்த்தார்கள். அம்மா அவர்களைக் கண்டாள். குரலை அப்படியே விழுங்கிவிட்டு, கைப்பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்தாள்.

“சித்தப்பாவுக்கு ரெலிபோன் அடிக்கவேணும்,” என்றாள்.

பாறைமேட்டில் தாயும் மகளும் ஏறி நின்றார்கள். ஹல்வோர் கீழே, யாராவது இறங்கும்போது கை கொடுக்க வசதியாக, காத்து நின்றான். அண்ணன் மார்க் வடக்கே இராணுவச் சேவையில் இருந்தான். அவனுக்கு எம்மா சொன்னாள். அவன், எந்த விமானம் கிடைக்குமோ அதில் ஒஸ்லோவுக்கு வருவதாகச் சொன்னான். அடுத்தது ஸ்தவாங்கரில் இருக்கும் அல்பேர்ட் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. அவர் முதலில் அழுதார். அழுது முடிந்ததும், இப்படியான நேரங்களில் எல்லோருக்கும் தேவைப்படும் மனிதராக மாறினார்.

“அண்ணி, மரண அறிவித்தல் குடுக்கவேணும். வானொலியிலை ஆறு மணிக்கு வாசிப்பாங்கள். இப்ப சொன்னால்தான் கனடாவிலை, லண்டனிலை இருக்கிற சனத்துக்குப் போகும். நான் எழுதிறன். நீங்கள் சொல்லுங்கோ.”

காற்றில் கேட்கவில்லை என்று அம்மா தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டாள். சித்தப்பா எழுதிக்கொண்டே உரத்து வாசித்தார். எம்மாவுக்கு அந்த ஓசை தெரியும். சின்ன வயதிலிருந்து வீட்டு வானொலியில் தினமும் கேட்டு வளர்ந்த ஓசை. “ஊர்காவற்துறையைப் பிறப்பிடமாகவும், நோர்வே ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட சவிரிமுத்து ஞானரட்ணம் அவர்கள்... அன்னார், காலஞ்சென்றவர்களான சவிரிமுத்து, திரேசம்மா தம்பதியரின் அன்பு மகனும், மரியரஞ்சனியின் அன்புக் கணவரும், மார்க், எம்மா ஆகியோரின் பாசமிகு தந்தையும்...”

அடுத்தது என்ன வரும் என்று எம்மாவுக்குத் தெரியும். தந்தைக்கு அடுத்த வரி மாமனார். இன்னாரின் அன்பு மாமனாரும். அந்த வரியில் பேர் வந்தவன் உலகம் முழுக்க இருக்கிற சொந்தக்காரருக்கு இன்ன முறை என்று ஆகிவிடுவான், வராதவன் வராதவன்தான். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

“பிறகு, அண்ணி?”

அம்மா கீழே நின்ற ஹல்வோரைப் பார்த்தாள். அவனுடைய நீலக் காற்சட்டையில் முழங்கால் வரை மணல் ஒட்டியிருந்தது.

“பிறகு சகோதரங்கள்,” என்றாள். “உங்கட பேர், வின்சென்ற் அண்ணை...”

“அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

இறங்கும்போது ஹல்வோர் இருவருக்கும் கை கொடுத்தான். தன்னால் ஆகவேண்டியது ஏதாவது கேட்டார்களா என்று எம்மாவிடம் மெதுவாக விசாரித்தான். இல்லை, என்றாள் அவள். அது உண்மைதான்.

கரவனுக்குள் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. தாயும் மகளும் கட்டிலின் ஓரத்தில் இருந்து செபமாலை சொன்னார்கள். அம்மா முற்பாதியைச் சொல்ல, எம்மா பிற்பாதியைச் சொன்னாள். மாலையின் முதல் பத்து மணிகள் முடிந்தபோது அம்மா நிறுத்தினாள்.

“முகம் கறுக்குதெல்லே?”

எம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பக்கம் பதிந்து கிடந்தது. இப்படி விட்டால் இரத்தம் இறங்கி முகத்தில் தங்கும் என்பது அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த விஷயம். பெட்டியைத் திறந்து வைத்து ஒஸ்லோச் சனம் முழுக்க வந்து பார்க்கப்போகிற முகம். ஒரு தலையணையை வைத்துப் பார்த்தாள். தலை குனிந்து நாடி நெஞ்சோடு முட்டியது. எடுத்துவிட்டாள். திரியிலிருந்து உருகிய மெழுகு ஒரே பக்கமாக வழிந்து, தட்டின் விளிம்பில் தேங்கியிருந்தது.

“அவருக்கு இப்பிடிப் படுக்க ஏலாது,” என்றாள் அம்மா. “ஒரு நாளும் படுத்ததில்லை.”

அப்போதுதான் வெளியே ஏதோ மரத்தை மணலில் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கரவனின் பின்பக்கத் தாங்குகால்கள் ஒவ்வொன்றாகத் தளர்த்தப்படும் கிறீச்சொலி. கரவன் ஒரு தடவை மெல்ல மூச்சு விட்டதுபோல அசைந்தது. அதன்பின் முன்சக்கரத்தின் கைபிடி சுழலத் தொடங்கியது. கால்சுற்று. நிற்கும். இன்னொரு கால்சுற்று. காலையில் போல வேகமாக இல்லை. உள்ளே ஒருவர் நித்திரையில் இருப்பது போலவும், அவர் எழும்பிவிடக் கூடாது என்பது போலவும் இருந்தது.

அம்மா மெழுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டின் விளிம்பில் தேங்கியிருந்தது மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்ந்தது. கட்டிலில் கிடந்தவரின் தலை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், உயர்ந்துகொண்டே வந்தது.

சத்தம் நின்றது. ஹல்வோர் கதவில் இரண்டு விரலால் தட்டினான். அவன் உள்ளே வரவில்லை. கதவடித் தரையில் மட்டப்பலகை காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைத் தொடவும் இல்லை. தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர் வந்து பார்க்கவில்லை அல்லவா. அதனால் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டான்.

“சமன்?”

அம்மா குனிந்து குமிழியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அதை எப்படிப் பார்ப்பது என்பது அவளுக்குத் தெரியுமா என்றே எம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

“கொஞ்சம்,” என்றாள் அம்மா, விரலால் மேலே காட்டி.

அவன் போய் இன்னொரு கால்சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான்.

“ஓம், தம்பி. சமன்.”

அவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய், மடக்குக் கதிரையை எடுத்து மடக்கி, தேநீர் ஊறிய மணலைக் காலால் மூடினான். அதற்குப் பிறகுதான் கரவனின் பின்புறம் போய் அழுதான். எம்மா சன்னலால் கண்டாள். அம்மாவும் கண்டாள், கண்டுவிட்டு, “அடுத்த பத்து மணி,” என்று செபமாலையை எடுத்தாள்.

நாலு மணிக்கு வான் வந்தது. சாரதி தனி ஆள். மணலில் தள்ளுகட்டிலின் சில்லு உருளாது, நாலு பேர் தூக்கவேண்டும் என்றார். அடுத்த வண்டிக் கிழவர் கேட்காமலே தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார். நாலாவது ஆளாக எம்மா நின்றாள். ஹல்வோர் கால்மாட்டுப் பக்கம் போனபோது அம்மா அவனுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, தலைமாட்டுக்குக் கொண்டுவந்து விட்டாள். ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. எம்மாவுக்கும் அப்போது விளங்கியதாகச் சொல்ல முடியாது. கை பாரத்தில் இருந்தது.

படகுத்துறையில் வரிசையாக நின்றார்கள். முன்னால் வான், பின்னால் கரவனோடு கார். அங்கே அலை நன்றாகக் கிடைத்தது. அம்மா முன் இருக்கையில் இருந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தொலைபேசியை எடுத்தாள். ஐந்தரை.

“அல்பேர்ட், அறிவித்தல் குடுத்திட்டீங்களோ?”

“குடுத்திட்டன், அண்ணி. ஆறு மணிக்குப் போகும்.”

“அதிலை ஒரு பேர் விட்டுப்போச்சு.”

“ஆற்றை?”

“தகப்பனுக்குப் பிறகு, மாமனாரும் எண்டு ஒரு வரி வரும்.”

பின் இருக்கையில் எம்மா காரின் இருக்கைப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி... குறை நினைக்காதேங்கோ. கலியாணம் எழுதேல்லையெல்லோ? நாளைக்குச் சனம் என்னைத்தான் கேக்கும். அண்ணையே செபஸ்ரியனுக்கு ட்ரைவர் எண்டு சொன்னவராம். நேற்றே கதை இஞ்சை வந்திட்டுது.”

“வந்திருக்கும். செபஸ்ரியன்ரை வாய்க்குப் பயந்துதான் அவர் அப்பிடிச் சொன்னவர். பெட்டையைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது எண்டு. அந்தப் பயம் அவரோடை போகட்டும்.” அம்மா மூக்கைத் துடைத்தாள். “கலியாணம் அவை எழுதேக்கை எழுதட்டும். நான் சொல்லுறதை நீங்கள் எழுதுங்கோ. நேரம் போகுது.”

“சரி... சரி, அண்ணி. பேர் என்ன?”

“ஹல்வோர்.”

“முழுப் பேர்?”

அம்மா திரும்பிப் பார்த்தாள். “எம்மா, இவன்ரை முழுப் பேர் என்னடி?”

எம்மா சொன்னாள். சித்தப்பா அந்தக் குடும்பப் பேரோடு கொஞ்சநேரம் மல்லுக்கட்டிவிட்டு, “உதை வாசிக்கிறவன் பாவம்,” என்றார். அம்மாவின் வாயோரம் ஒரு கணம் அசைந்தது.

தன் பேர் அடிபடுவதைக் கேட்டு ஹல்வோர் கண்ணாடியில் எம்மாவைப் பார்த்தான். என்ன விஷயம் என்று கேட்டான். மருமகன் என்பதற்கு நோர்வேஜிய மொழியில் நல்ல சொல் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியும்.

உன் பேரை எப்படி எழுதுவது என்று சித்தப்பா கேட்டார், என்றாள்.

படகில் ஏறியதும் அம்மா இறங்கி மேல்தட்டுக்குப் போனாள். காலையிலிருந்து அவள் தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் கடதாசியில் சுற்றிய ஒற்றை ஸ்வேலே இருந்தது, படகுகளில் விற்கும் இனிப்புத் தோசை. கடதாசியை மடியில் விரித்து, சூடு பொறுத்து, அதைச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்தாள். பிய்த்ததை ஹல்வோருக்கு எட்டும் இடத்தில், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் வைத்தாள்.

“சாப்பிடச் சொல்லு,” என்றாள் எம்மாவிடம். “ஒஸ்லோ வரைக்கும் ஓட வேணுமெல்லோ.”

சொல்லத் தேவையிருக்கவில்லை. அவன் முன்னால் நின்ற வானிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சாப்பிட்டான். கடைசித் துண்டை அம்மா தானே எடுத்து வாயில் போட்டாள்.

படகின் முன்வாய் இரைச்சலோடு திறந்தது. துறைமுகத்தின் வெளிச்சம் கார்த்தட்டுக்குள் விழுந்தது. வானின் சிவப்பு விளக்குகள் அணைந்தன. ஹல்வோர் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, கியரைப் போட்டான்.